பல் படாத பட்டை

மொராக்கோவின் ஃபெஸ் நகரப் பொதுக் குளியல் கூடத்தில், குவிமாடத்தின் வட்டக் கண்ணாடிகள் வழியே இறங்கும் வெயில் நீராவிக்குள் பாலாகக் கரைகிறது. வாளிச் சத்தமும் சிரிப்பும் வேறெங்கிருந்தோ கேட்பது போலிருக்கின்றன. உறவில் நாளைக்கு நடக்கும் கல்யாணத்துக்காகப் பெண்கள் வால்நட் பட்டையை மென்று ஈறுகளைச் சிவப்பாக்கிக்கொள்கிறார்கள். தரையில் ஓடும் நீரெல்லாம் செம்பழுப்பு. பதினைந்து வயது இத்தோவுக்கு இந்த நிறம் நிம்மதி தருகிறது. இங்கே அவள் ரத்தம் துப்பினாலும் தெரியாது. நாக்கால் முன்பல்லைத் தொடுகிறாள், ஆடுகிறது. அக்கா ஹனியாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பதினெட்டு வயதில் இரண்டு முன்பற்களை இழந்தவள், இன்றும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

“உன் பட்டையக் குடுடி. என்னுது சக்கையாப் போச்சு,” என்று ஹனியா கேட்கிறாள்.

வாங்கிய பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அதில் ஒரு பல்கூடப் படவில்லை. தங்கை காலடியில் துப்பியதோ சிவப்பாக ஓடுகிறது.

“எத்தன நாளா?”

“டாக்டர்கிட்ட போனா புடுங்கிடுவாருக்கா.”

“போகலன்னா தானா விழும். விழவிட்டுப் பார்த்தவ சொல்றேன். நாளைக்குக் காலைல போறோம்.”

“நாளைக்குக் கல்யாணம்.”

“அது சாயங்காலந்தான்டி.”

எப்போதும் வாயைப் பொத்தும் அந்தக் கையால் தங்கையின் மோவாயைப் பிடித்து, வெயில் விழும் பக்கம் மெல்லத் திருப்புகிறாள். இத்தோ வாயைத் திறக்கிறாள்.