ஒரு மடக்கு

அம்சவேணி காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்த ஐந்து பேரும் ஜன்னலோரம் நின்று, அவளுடைய கழுத்தின் ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அப்பா நீட்டியபடியே நின்றார். யாரும் வாங்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். படத்தின் கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணும் பிடிபடல. முழுங்கச் சொன்னாத் தெரிஞ்சிரும். நீயே ஒரு மடக்கு குடிம்மா.”

அவள் குடித்தாள். ஐந்து பேரும் குனிந்து அவள் தொண்டையைப் பார்த்தார்கள். கட்டி ஏறி இறங்கியது.

“இன்னொரு மடக்கு,” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. “நல்லா தலையத் தூக்கிக் குடி.”

முகவாயை உயர்த்திக்கொண்டு டம்ளர் காலியாகும்வரை குடித்தாள். மாப்பிள்ளை படத்தை உறைக்குள் போட்டு அப்பாவிடம் கொடுத்தான். பிறகு சமையலறை வாசலைப் பார்த்தான். அங்கே தங்கை மேகலா நின்றிருந்தாள். மகன் பார்த்த திசையில் அம்மாவும் பார்த்தாள்.

“சின்னவளா? அவளையும் ஒரு மடக்கு குடிக்கச் சொல்லுங்களேன்.”

அப்பா கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சிக்கு ஊத்திக் குடும்மா,” என்றார் அம்சவேணியிடம்.