மூணு பத்தாது

இரண்டு எரிவாயுக் கிணறுகளில் எதை மூடுவது என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். மூன்று நாள் அளந்ததில் இரண்டாவது கிணற்றில் வாயு வரத்து குறைவு.

பயிற்சிப் பொறியாளராக வந்த பெண் விடவில்லை. "மூணு அளவை வச்சு எப்படி சார் ஒப்பிடறது? வரத்து நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். முப்பது அளவாவது எடுக்காம தீர்ப்பு சொல்றது அநியாயம்!"

மேலாளர் மோவாயைத் தடவினார். "சரிம்மா. முப்பதே எடுப்போம்."

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நல்லவேளை சொன்னே! உன் மூணு மாச வேலையைப் பார்த்து, இன்னிக்கே உன்னை நிரந்தரமாக்கலாம்னு இருந்தேன். அதுக்கும் முப்பது மாசம் பார்த்துடுவோம்."

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"சார்... நான் ஏற்ற இறக்கமே இல்லாத கிணறு சார். எனக்கு மூணே தாராளம்!"