மூன்றாவது சோதனை

மாவு கலக்கும் இயந்திரம் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் இறங்கி உடைந்த தகட்டை மாற்ற வேண்டிய ஃபிட்டர் அண்ணன், மேல்வாயின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே தொங்கவிட்டிருக்கிறார். உயரத்து ஜன்னல் வெளிச்சத்தில் மாவுத்தூள் மெல்ல இறங்குகிறது. நான் கண்ட்ரோல் பேனலைத் திறந்து வைத்து நிற்கிறேன். மோட்டார் ஓடவில்லை என்று திரை காட்டுகிறது. மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் என் பூட்டையும் மாட்டியாயிற்று. ஆனாலும் என் கைமேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாலை வகுப்பில் படித்த வரிசைப்படியே செய்கிறேன். முதலில், சுவிட்சுக்கு முன்னால் எப்போதும் மின்சாரம் இருக்கும் முனையில் டெஸ்டரை வைக்கிறேன், அதன் விளக்கு எரிகிறது. மோட்டாருக்குப் போகும் முனைகளில் வைக்கிறேன்; எரியவில்லை. "அப்புறமென்ன எஞ்சினியரம்மா, இறங்கட்டுமா? நீங்க பாக்குற பார்வைக்குக் கரன்ட்டே பயந்து ஓடியிருக்கும்" என்கிறார். "ஒரு நிமிஷம்ணே. டெஸ்டர் சரியா இருக்கான்னு இன்னொரு தடவ பாத்துடறேன்." "இப்பத்தானே பாத்தீங்க?" சிரித்தபடி அடுத்த காலையும் தூக்குகிறார். மின்சாரம் இருக்கும் அதே முனைக்கு டெஸ்டரைக் கொண்டுபோகிறேன். எரியவில்லை. அழுத்திப் பிடிக்கிறேன். எரியவில்லை. நடுவில் எப்போதோ டெஸ்டர் செத்துப்போயிருக்கிறது. மோட்டாரில் மின்சாரம் இல்லை என்று அது சொன்னதை இனி நம்ப முடியாது. நிமிர்ந்து அண்ணனைப் பார்க்கிறேன். என் முகத்தையே பார்த்திருந்த அண்ணன் சிரிப்பை நிறுத்துகிறார். உள்ளே தொங்கும் காலை இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக வெளியே எடுக்கிறார்.