காய்க்காத மிளகாய்ச் செடி

தூரிகையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள் தங்கை.

படம் வரைகிற சின்னத் தூரிகை. வருஷத்தில் பாதி நாள் ஜன்னலைத் திறக்கவே முடியாத குளிர் ஊரில், மூன்றாவது மாடிக்கு எந்தத் தேனீ வரப்போகிறது? அது செய்கிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். பூவுக்குள் தூரிகையை விட்டு மெல்லச் சுழற்றினால் போதுமாம்.

செடி அக்காவுடையது.

அம்மா கொடுத்த விதை. அக்கா, தங்கை இருவர் பெட்டியிலும் வீடு வீடாக மாறி வந்த விதை. தங்கையின் பங்கு எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிற்று. தன்னிடம் மிஞ்சியதை அக்கா ஈரத்துணியில் முடிந்து, ஃபிரிட்ஜின் தலைமேல் அந்த இளஞ்சூட்டில் வைத்து முளைக்க வைத்தாள். பிழைத்தது ஒரே ஒரு செடி. அது முழங்கால் உயரம் வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

இது ஒரு காய் காய்த்தால் விதை இருக்கும். இல்லாவிட்டால் இத்தோடு சரி.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சரிபார்க்கிறவருக்குத் தன் கண்ணாடியைக் கழற்றினால் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. அக்கா அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அவர் மானத்தை வாங்குவாள்.

ஆனால் செடியை அவர் வளர்த்திருக்கிற விதத்தைக் குறை சொல்ல முடியாது. ஹீட்டருக்கு மேலே, ஜன்னல் விளிம்பில், புதராக நின்றது. இலைகளைத் துடைத்து வைத்திருந்தார். வெயில் வராத நாளுக்கென்று மேலே ஒரு விளக்கு. தண்டு மட்டும் அடியில் கட்டை தட்டி, பட்டை வெடித்திருந்தது. இன்னொரு குளிரைத் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

"காய்க்காத செடிக்கு இவ்வளவு ராஜ உபசாரமா அத்தான்?"

"வந்ததும் வாயைத் திறந்தாச்சா, வாலு?"

தலை நரைத்த பிறகும் அவருக்கு அவள் வாலுதான்.

அவர் செடியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சாமணத்தை எடுத்தார். கண்ணாடிச் சட்டத்தில் கடுகளவு திருகாணியை எடுத்து வைக்கிற சாமணம். இலையை விலக்கினார். வெள்ளைப் பூ ஒன்று தலைகுனிந்து நின்றது.

காம்போடு பிடித்து ஒரு சுண்டு. பூ வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த சாஸரில் போட்டார். அதில் ஏற்கெனவே சில பூக்கள் காய்ந்து சுருண்டு கிடந்தன.

தூரிகை பிடித்த கை அப்படியே நின்றது. இத்தனை நாளும் அவள் குளிரைக் குறை சொன்னாள், மண்ணைக் குறை சொன்னாள், வராத தேனீயைக்கூட விட்டுவைக்கவில்லை. குற்றவாளி சாமணத்தோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயோ அத்தான்! பூவைக் கிள்ளினா காய் எங்கேருந்து வரும்? யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"உங்கக்காதான்."

"அது சின்னச் செடிக்கு! வேர் பிடிச்சு வளரட்டும்னு முதல் பூவைக் கிள்ளுவாங்க. இது மரமாட்டம் நிக்குது."

"தெரியும்."

அடுத்த கிளையில் ஒரு மொட்டு. அதுவும் போயிற்று. சாமணத்தின் முனையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப சொன்னா. ஒரு கால்ல ஷூவை மாட்டிக்கிட்டே. பூ வந்தா கிள்ளிக்கிட்டே இருங்க, எப்ப விடணும்னு நான் வந்து சொல்றேன்னு."

அதை அவர் கடைக்கு வந்தவரிடம் பவர் சொல்கிற குரலிலேயே சொன்னார்.

"டீ போடறேன்" என்று எழுந்து போனார்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. தங்கை இலைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். அடிக்கிளையில், இரண்டு இலைகளுக்கு நடுவே, அவர் கண்ணுக்குத் தப்பிய பூ ஒன்று இருந்தது. தூரிகையை அதற்குள் விட்டு மெல்லச் சுழற்றினாள். இன்னொரு முறையும் சுழற்றினாள்.

பிறகு தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பூ ஜன்னல் பக்கம் போகும்படி திருப்பி வைத்தாள். விளிம்பில் சிந்திய மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

அத்தான் இரண்டு கோப்பைகளோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தொட்டியைத் திருப்பினியா?"

"அந்தப் பக்கம் இலை வெளுத்திருக்கு. கொஞ்சம் வெளிச்சம் படட்டும். இப்போதைக்குத் திருப்பாதீங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். அதன் நுனியில் வெளுத்த தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அவளுடைய கோப்பையை நீட்டினார். தன்னுடையதை வாய்க்குக் கொண்டுபோனபோது ஆவி கண்ணாடியில் படிந்தது. வழக்கமாகச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார்.

இன்று கழற்றினார். மடக்கினார். சாமணம் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.

பிறகு செடிக்கு எதிரே உட்கார்ந்து, டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.