கடைசி வரியில் ஒரு கையெழுத்து

செனட்டரிடம் கையெழுத்து வாங்க நின்றவர்களில் கடைசி ஆள் மாவிஸ். கையில் ஒரு அட்டை, அதில் செருகிய தாள்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் சனிக்கிழமை பான்கேக் விருந்து. செனட்டர் வெண்டல் ஹாக் கேமராவுக்காக ஒரே ஒரு பான்கேக்கைத் திருப்பிப் போட்டார். படம் எடுத்து முடிந்ததும் கரண்டி பழையபடி தீயணைப்புக்காரர் கைக்குப் போய்விட்டது. உழவன் வேஷத்துக்கென்று வாங்கிய ஜீன்ஸில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த காலத்தில் இதே மனிதர் ஓட்டை பிக்கப் வண்டியில் வந்து, சாப்பிட்டவர்களின் மேஜையைத் துடைத்துவிட்டுப் போவார். வாஷிங்டன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போதெல்லாம் தேர்தல் வந்தால்தான் ஊர் ஞாபகம் வருகிறது.

வாஷிங்டனில் அவர் ஆதரித்த மசோதா ஒன்றில் எங்கோ ஒரு வரி. அந்த வரியால் ஊர் ஆஸ்பத்திரிக்கு உதவித்தொகை நின்றுபோய், மார்ச் மாதம் பிரசவப் பிரிவைப் பூட்டிவிட்டார்கள். மாவிஸ் அங்கே முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். அவர் மருமகளுக்கு இது எட்டாவது மாதம், அடுத்த ஆஸ்பத்திரியோ தொண்ணூறு மைல் தள்ளி.

"அட, மாவிஸ். என்கூடப் படிச்சவ," என்று கேமராக்காரரிடம் வாயெல்லாம் பல்லாக அறிமுகம் செய்தார் செனட்டர். "இன்னும் அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை விடலையா நீ?"

"விடல வெண்டல். அந்த மசோதாவை நீ படிச்சியா?"

"ஆயிரத்து இருநூறு பக்கம். அதையெல்லாம் படிச்சுக்கிட்டிருந்தா வேலை நடக்குமா? ஆபீஸ்ல படிச்சுச் சொல்லுவாங்க, நான் கையைத் தூக்குவேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க அதில் என்ன இருந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மாவிஸ் அட்டையை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து வேணும். கடைசி வரியை உனக்குன்னே விட்டு வெச்சிருக்கேன். திங்கட்கிழமைக்குள்ள கொடுத்தாகணும்."

"பிரசவப் பிரிவுக்கா?"

"அதுக்காகத்தான். மேல போட்டிருக்கு, படிச்சுட்டே போடு."

"உன்னை நம்பாம வேற யாரை நம்பறது?" செனட்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, கேமராக்காரரைக் கிட்டே கூப்பிட்டார். பூட்டிய பிரசவப் பிரிவுக்காகக் கையெழுத்துப் போடும் செனட்டர் என்றால் சும்மாவா. "வாஷிங்டன் விலாசம் போட்டுரட்டுமா?"

"வேண்டாம், ஊர் விலாசம் போடு. இந்த மாநிலத்துல ஓட்டு இருக்கறவங்க போட்டாத்தான் செல்லும்."

ஆறு வருஷமாகப் படுத்துறங்காத பண்ணை வீட்டின் விலாசத்தைக் கொஞ்சமும் கூசாமல் எழுதினார். தாளின் தலைப்பு கொட்டை எழுத்தில்தான் இருந்தது. செனட்டர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்தைப் போட்டு முடித்தார்.

மாவிஸ் மை காய ஊதிவிட்டு, தாளைச் சரிபார்த்துக்கொண்டார்.

"இதை யார்கிட்டக் கொடுக்கப் போற? கவர்னர்கிட்டயா?" போகிறபோக்கில் கேட்டார் செனட்டர்.

"தேர்தல் ஆபீஸ்ல. இது என் வேட்புமனு. உன்னை எதிர்த்து நான் நிக்கறேன், வெண்டல்."