ஒருவருக்கு ஓர் அம்மா

உறவுப் பதிவகத்தில் அன்றைக்கு அவள் பதினோராவது ஆள். பதிவாளர் கோமதிநாயகம் திரையைப் பார்த்து அலுப்போடு சொன்னார்: "பதிவேட்டுல நீங்க இறந்துட்டீங்கம்மா."

"அதான் ரெண்டு மாசமா நான் விரல் வச்சா பஸ் கதவு திறக்க மாட்டேங்கு," என்றாள் ஜெசிந்தா.

இறந்துபோன அக்காவின் மகள் ரோஸ்லினை அவள்தான் வளர்க்கிறாள். பள்ளிப் படிவத்தில் அந்தப் பெண் சித்தியின் பெயரையும் 'அம்மா' என்று சேர்த்துவிட்டாள். ஒருவருக்கு ஓர் அம்மாதான் என்பது விதி. இரண்டு பெயர் வந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும். அக்கா இறந்ததால் ஜெசிந்தாவும் இறந்துவிட்டாள். அந்த விதியை எழுதியவரே கோமதிநாயகம்தான். அதை மாற்றச் சொல்லி மேலே எழுதி எழுதி ஓய்ந்துவிட்டார்.

"அம்மா இல்ல, சித்திதான்னு ஒரு கைரேகை வைங்க. இப்பமே உயிர் வந்துரும்."

ஜெசிந்தாவின் விரல் கண்ணாடிக்கு மேலே நின்றது.

"ரோஸ்லினுக்குத் தெரிய வருமா சார்?"

"பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போவும். 'அம்மா'ன்னு எழுதினத அவளே அடிச்சுட்டு 'சித்தி'ன்னு மாத்தி எழுதணும்."

அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு அவளக் கூப்பிடப் போவணும். நடந்தே போய்க்கிடுதேன் சார்."