மூவாயிரத்தைத் தாண்டாதே

சத்தியநாதன் தன் பழைய பியட் காரின் முன் கண்கலங்கி நின்றார். இத்தனை வருஷம் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி. இன்றைக்கு அதை கிளமென்ட் சித்தூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். அங்கே புதிதாக வந்த கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு வேலை.

"தம்பி, நான் தனியா மாட்டின இந்த ஆர்.பி.எம். மீட்டரப் பாத்துக்கினே ஓட்டு. முள்ளு மூவாயிரத்தத் தாண்டவே கூடாது. வயசான எஞ்சின், தாங்காது."

"சரிங்க."

"காலைல ஸ்டார்ட் பண்ணதும் விரட்டாத. மொதல்ல சூடாவட்டும். மொகிலி மலை ஏத்தத்துல திணறினா உடனே கியர இறக்கிடு."

"சரிங்க."

"எவனாவது முந்திக்கினு போனா போவட்டும். ரோஷத்துல மிதிச்சிடாத. நான் ஒரு நாள் கூட இதை அதட்டினதில்ல."

கைக்குட்டையால் பானட்டைத் துடைத்தார். அதே கைக்குட்டையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கிளமென்ட் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். "பத்திரமா பாத்துக்கறேன் மாமா."

சர்ச் வாசலில் சொந்தக்காரர்கள் பூவிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெள்ளைப் பட்டும் முகத்திரையுமாக, பூச்செண்டோடு நின்ற மகள் கேசியாவும் காத்திருந்தாள், தன்னைப் பற்றியும் அப்பா மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"நைனா, நானும் கூடத்தான் போறேன்."

சத்தியநாதன் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா இல்ல? ஏறினதும் கதவ அடிச்சி சாத்தாத. மெதுவா சாத்து."